இரும்புக் கூடும் சிவப்புக் கூடும்

காலைத் தொழுகை முடிந்த கையோடு துப்பாக்கியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர் மப்கூத். வெயில் மலையிலிருந்து இறங்கி முற்றத்துச் சுவரைத் தொட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை. துடைத்தார், எண்ணெய் விட்டார், மறுபடியும் துடைத்தார். துடைத்து என்ன பிரயோசனம்? துப்பாக்கியின் வயிற்றில் மாட்டியிருந்த, தோட்டாக்களை அடைக்கும் தோட்டாக்கூடு மட்டமான கறுப்பு பிளாஸ்டிக். வாய்ப்பக்கம் பிளந்துபோய், கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தது. மற்றதெல்லாம் ராஜா மாதிரி இருக்க, அது ஒன்று மட்டும் பிச்சைக்காரத்தனமாகத் தொங்கியது.

"இதையா கொண்டுபோய் அவங்க முன்னாடி வைக்கப் போறீங்க?" வாசல்படியில் நின்றபடி கேட்டாள் அவர் மனைவி தக்கியா.

"வேற என்ன பண்ணச் சொல்றே?"

"நான் ஒண்ணும் சொல்லல, அபூ ஹிஸாம். மேல ஒருத்தன் உக்காந்திருக்கான். அவனப் பெத்தவ நான். அதுக்கு மேல நீங்களே யோசிச்சுக்குங்க."

அபூ ஹிஸாம் என்றால் ஹிஸாமின் தகப்பன். மேலறையில் உட்கார்ந்திருந்தவன்தான் அந்த ஹிஸாம், அவர்கள் மகன். மீசை சரியாக முளைக்காத வயது. ஒரு மாதமாக அவன் கீழே இறங்கவில்லை, ஜன்னல் பக்கம்கூடப் போகவில்லை. கொடுத்து அனுப்பும் ரொட்டி பாதிக்குமேல் திரும்பி வந்தது.

நடந்தது இதுதான். ஆழ்துளைக் கிணற்றடியில் தண்ணீர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. எந்த வண்டி முதலில் நிரப்புவது என்று ஹிஸாமுக்கும் பக்கத்துக் குலத்துப் பையன் முஜல்லிக்கும் வாய்த்தகராறு. வண்டிகளுக்குப் பின்னால் போய் நின்று கத்தினார்கள். ஒரு வெடிச் சத்தம் கேட்டது. மற்றவர்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது முஜல்லி மண்ணில் கிடந்தான். "அவன்தான் முதல்ல துப்பாக்கியத் தூக்கினான்" என்று ஹிஸாம் அழுதான். யார் நம்புவார்கள்? கொன்றவன் வேறு எதைச் சொல்வான் என்று ஊரே கேட்டது. முஜல்லியின் துப்பாக்கியிலிருந்து ஒரு தோட்டாகூட வெளியே போகவில்லை.

நடுவர் ஷேக் காயித் அங்குமிங்கும் ஓடி ஒரு மாதத் தவணை வாங்கிக் கொடுத்தார். அந்தத் தவணை இன்று பிற்பகல் தொழுகையோடு முடிகிறது. அதற்குள் கொன்றவன் வீட்டார் தங்கள் துப்பாக்கிகளைக் கொண்டுபோய்ச் செத்தவன் வீட்டார் காலடியில் வைக்க வேண்டும். 'எங்கள் கை வெறுங்கை, நீங்கள் சொல்கிற தீர்ப்புக்குக் கட்டுப்படுகிறோம்' என்று அதற்கு அர்த்தம். அவர்கள் எடுத்துக்கொண்டால் விவகாரம் பேச்சுக்கு வரும், செத்தவன் வீட்டாருக்குக் கொடுக்கும் ரத்தப்பணத்தோடு முடியும். எடுக்காமல் எழுந்து போய்விட்டால் பேச்சே கிடையாது. ஹிஸாமைக் கண்ட இடத்தில் சுடலாம், கேட்க நாதி இல்லை.

வைக்க வேண்டிய ஐந்தில் நான்கு துப்பாக்கிகளைப் பங்காளிகள் கொடுத்துவிட்டார்கள். ஐந்தாவது, கொன்றவனைப் பெற்றவனின் சொந்தத் துப்பாக்கியாக இருக்க வேண்டும். ஷேக் காயித் முந்தாநாளே வந்து எச்சரித்துவிட்டுப் போயிருந்தார். "ஒவ்வொண்ணாத் தூக்கிப் பாப்பாங்க மப்கூத். போன வருஷம் ஒரு கூட்டம் கட்டை ஒடைஞ்ச துப்பாக்கியக் கொண்டாந்து வெச்சுது. எங்க பையன் உசிரு இவ்வளவுதானான்னு எழுந்து போயிட்டாங்க. அப்புறம் எத்தன பேரப் புதைச்சோம்னு உனக்கே தெரியும்."

மப்கூத்தின் துப்பாக்கிக்கு அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பெயரே உண்டு. 'சிவப்பு வயிறு' என்பார்கள். கூடவே வந்த செங்கல் நிறத் தோட்டாக்கூடுதான் காரணம். கல்யாணங்களில் அதை வாங்கித் தடவிப் பார்க்காத ஆள் கிடையாது. தக்கியாவின் வயிற்றில் கட்டி வந்து, நகரத்து ஆஸ்பத்திரியில் அறுக்க வேண்டும் என்றபோது, யாருக்கும் தெரியாமல் அந்தக் கூட்டை மட்டும் கழற்றி விற்றார். கட்டி போயிற்று. தக்கியா பிழைத்தாள். அதற்குப் பிறகு துப்பாக்கி வீட்டை விட்டு வெளியே போகவில்லை.

"அன்னிக்கு என்னச் சாக விட்டிருக்கலாம். புள்ளையாவது பொழைச்சிருப்பான்" என்றாள் தக்கியா.

"வாய மூடு."

"மூடிக்கிறேன். நீங்க எழுந்திரிங்க."

எழுந்தார். துப்பாக்கியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, சந்தைக்குப் போகும் ஒரு வண்டியில் தொற்றிக்கொண்டார்.

சந்தையின் கடைசி வரிசையில் நாஜியின் கடை. அவர் மப்கூத்துக்குத் தூரத்துப் பங்காளி. தகரக் கூரை, சுவரெல்லாம் ஆணி, ஆணியெல்லாம் தோட்டாக்கூடு. வெங்காயக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் உட்கார்ந்து, இருபது வருஷமாக இதே வியாபாரம். வாய் ஓயாது அந்த மனுஷனுக்கு.

"வா பங்காளி! என்ன, மூஞ்சி தண்ணி காணாத சோளக்கொல்லை மாதிரி இருக்கு? டீ சொல்லட்டுமா?"

"டீயெல்லாம் வேணாம். சிவப்புக் கூடு ஒண்ணு வேணும். இப்பவே வேணும்."

"சிவப்பா? அதுக்கு இப்ப மாப்பிள்ளப் பசங்க அடிச்சுக்கிறானுங்க. தோள்ல மாட்டிக்கிட்டு ஆட்டம் போடறதுக்கு." சொல்லிக்கொண்டே நாஜி மப்கூத்தின் முகத்தைப் பார்த்தார். இன்று என்ன நாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சிரிப்பை நிறுத்திவிட்டு, எழுந்து இரண்டு கூடுகளை எடுத்துச் சாக்கின் மேல் வைத்தார். ஒன்று இரும்பு, இன்னொன்று சிவப்பு.

"மொதல்ல இதத் தூக்கிப் பாரு. கனம் தெரியுதா? எங்கப்பன் காலத்து இரும்பு. ஒட்டகம் மிதிச்சாலும் நசுங்குமே தவிர ஒடையாது. வாய் கோணிச்சுன்னா குறடால நிமித்திக்கோ. துரு ஏறிச்சுன்னா மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சுக்கோ. உன் பேரன் காலம் வரைக்கும் வரும்."

"சிவப்பு?"

"கெட்டிப் பிசின்ல வார்த்தது. துரு பிடிக்காது, கோணாது, வெயில்ல கையச் சுடாது. ஆனா பாறையில விழுந்து ஒரு விரிசல் விட்டுச்சு, முடிஞ்சுது கதை. அதுக்கு வைத்தியமே கெடையாது. வெலை மட்டும் இரும்பவிட நாலு மடங்கு."

"ஒழைக்கிறது இரும்புன்னா அதுக்குத்தானே வெலை கூட இருக்கணும்?"

"நல்லாக் கேட்டே! ஒழைப்புக்குத்தான் வெலைன்னா, இந்தச் சந்தையிலயே கழுதைதான் ஒசத்தி. சிவப்பு பாக்க அழகா இருக்கு. இப்ப யாரும் செய்யறதில்ல. அதான் வெலை. நீ பேசாம இரும்ப எடுத்துக்கோ. கையில இருக்கற காசு அதுக்குப் போதும்."

மப்கூத் இரும்புக் கூட்டைத் துப்பாக்கியில் மாட்டிப் பார்த்தார். டக்கென்று உட்கார்ந்தது. அசைத்தார், ஆடவில்லை. நல்ல கூடுதான், குறை சொல்ல முடியாது. கழற்றிச் சாக்கின் மேலேயே வைத்தார்.

"இது ஆகாது நாஜி. என் துப்பாக்கிய அவங்களுக்குத் தெரியும். சிவப்பு இல்லாமப் போனா, நல்லத வீட்டுல ஒளிச்சு வெச்சுட்டு மட்டத்தக் கொண்டாந்தான்னு சொல்லுவாங்க."

"வித்துட்டேன்னு சொல்லேன்."

"பொண்டாட்டி வைத்தியத்துக்குத் துப்பாக்கியப் பிச்சு வித்தேன்னு சபையில நின்னு சொல்லச் சொல்றியா? அப்புறம் எந்த மூஞ்சியோட நான் வெளிய நடமாடறது?"

"உன் மூஞ்சியப் பாக்கிற நேரமாய்யா இது?" நாஜி தலையில் அடித்துக்கொண்டார். "சும்மாவே குடுத்துருவேன் பங்காளி, ஆனா சிவப்பு என்னுது இல்ல. வித்துத் தரச் சொல்லி இன்னொருத்தர் வெச்சுட்டுப் போனது."

மப்கூத்தின் கை இடுப்புக்குப் போனது. பட்டைக் கச்சையின் நடுவில் நிமிர்ந்து நின்ற வளைந்த கத்தியை, தகப்பன் வழி வந்த ஜம்பியாவை, உறையிலிருந்து உருவிச் சாக்கின் மேல் வைத்தார். தேன் நிறக் கொம்புப்பிடி. அந்தப் பிடிக்காகவே அதற்குப் பெரிய விலை கிடைக்கும்.

நாஜி பின்னால் நகர்ந்துவிட்டார். "உனக்கென்ன பைத்தியமா? இன்னிக்குப் போயா?"

"உறை இடுப்புலதான் இருக்கும். மேல சால்வையச் சுத்திக்கிறேன். யாரு பாக்கப் போறா?"

"மப்கூத், வேணாம். நான் சொல்றதக் கேளு."

"எம்புள்ள உசிரு நாஜி. எடு."

ஆண்பிள்ளையின் கத்தி இடுப்பை விட்டு இறங்கினால் அந்த மண்ணில் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரோ ஒரு பெரிய மனிதரிடம் அதைக் கொடுத்து, 'என் வழக்கை உங்கள் கையில் ஒப்படைத்தேன்' என்று சொல்லியிருக்கிறான் என்று அர்த்தம். பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். மப்கூத்துக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஒரு மாதமாகத் தூங்காத தலை அது. துப்பாக்கி முழுசாக இருக்க வேண்டும் என்ற ஒன்றைத் தவிர வேறு எதுவும் அந்தத் தலைக்குள் போகவில்லை. பாவி மனுஷன், போதுமான ஒன்று கைக்குள் இருக்கும்போதே அதைத் தள்ளிவிட்டு, தள்ளக்கூடாத ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தார்.

இரண்டு குலத்து எல்லையில் ஒரு பெரிய பாறை. அதன் நிழலில்தான் சபை. மப்கூத் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் வந்துவிட்டிருந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் முஜல்லியின் தகப்பன் தைஃபுல்லா உட்கார்ந்திருந்தார். ஒரு மாதத்தில் ஆள் பாதியாகக் கரைந்துபோயிருந்தார். பக்கத்தில் மூத்த மகன் ஹமூத், தம்பியைப் பறிகொடுத்தவன், யாரையும் நேராகப் பார்க்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

ஐந்து துப்பாக்கிகளையும் ஒரு கம்பளித்துணியில் வரிசையாக வைத்தார்கள். ஹமூத் குனிந்து ஒவ்வொன்றாகத் தூக்கினான். கட்டையைத் தட்டினான், குழாய்க்குள் பார்த்தான், கூட்டைக் கழற்றி மாட்டினான். ஐந்தாவதைத் தூக்கியதும் கை நின்றது. விரல் அந்தச் சிவப்பை ஒரு தரம் தடவியது.

"சிவப்பு வயிறு. நெசமாவே கொண்டாந்துட்டான்" என்றான், யாரிடம் என்றில்லாமல்.

ஒரு மாதத்தில் முதல் தடவையாக மப்கூத்துக்கு மூச்சு அடிவயிறு வரை போயிற்று. பிழைத்தான் என் பிள்ளை என்று நினைத்தார். அந்த நினைப்பு முடிவதற்குள் ஷேக் காயித் தொண்டையைக் கனைத்தார்.

"சரி. பெத்தவன் கத்திப்பிடியில கை வெச்சு, தீர்ப்புக்குக் கட்டுப்படறேன்னு சொல்லட்டும்."

மப்கூத் சால்வையின் மேல் கையை வைத்தார். "கட்டுப்படறேன். நீங்க என்ன சொன்னாலும்..."

"இது என்ன, சால்வை மேல சத்தியமா?" ஹமூத் இரண்டே எட்டில் வந்து சால்வையைப் பிடித்து இழுத்தான்.

உறை வாயைப் பிளந்துகொண்டு நின்றது. உள்ளே ஒன்றுமில்லை.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"யாருக்குடா குடுத்தே? எந்த ஷேக்கோட காலடியில கத்திய வெச்சுட்டு இங்க வந்து எங்ககிட்ட நாடகம் ஆடறே?" ஹமூத் கத்தினான். "அங்க ஒரு தீர்ப்பு, இங்க ஒரு தீர்ப்பு. எது வசதியோ அத வாங்கிக்கலாம்னு பாத்தியா? எங்க தம்பி என்ன சந்தைச் சாமானா?"

ஷேக் காயித்தின் முகம் கறுத்துவிட்டது. "மப்கூத், என்ன நடுவுல நிக்க வெச்சு இப்படிப் பண்ணிட்டியே. இனிமே நான் எவனுக்கு நடுவுல நிக்க முடியும்?"

அவர்கள் பக்கத்தில் ஆட்கள் எழுந்துவிட்டார்கள். துணியைத் தாண்டி நடக்க ஆரம்பித்தார்கள். துப்பாக்கிகள் அப்படியே கிடந்தன. மப்கூத் ஓடிப்போய் அவர்கள் பாதையின் குறுக்கே மண்டி போட்டு விழுந்தார்.

"வித்துட்டேன்! யாருக்கும் குடுக்கல, வித்துட்டேன்! இன்னிக்குக் காலையில சந்தையில வித்தேன். போய் நாஜியக் கேளுங்க. இந்தச் சிவப்புக் கூட்டுக்காக வித்தேன்!"

"உன் துப்பாக்கியில சிவப்பு எப்பவும் இருக்கே. எங்களுக்குத் தெரியாதா?"

"இல்ல. அத முன்னமே வித்துட்டேன். எம்பொண்டாட்டிக்கு வயித்துல கட்டி. ஆஸ்பத்திரிக்குக் குடுக்கக் கையில ஒண்ணுமில்ல. துப்பாக்கியப் பிச்சு வித்தேன். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு, சொல்லல. பிளாஸ்டிக்க மாட்டிக் கம்பி போட்டுக் கட்டி வெச்சிருந்தேன். அத உங்க முன்னாடி கொண்டாந்து வெக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க."

யாரோ பின்னால் சிரித்தார்கள். ஹமூத் சிரிக்கவில்லை. "பொய் சொல்றான். ஒரு தோட்டாக்கூட்டுக்கு எவனாவது கத்திய விப்பானா?"

"புள்ளையப் பெத்தவன் விப்பான்டா!" மப்கூத் அழுதுகொண்டே கத்தினார். "இடுப்புல இருக்கற கச்சையையும் விப்பான். கேட்டிருந்தா என்னையே வித்திருப்பேன்."

அதுவரை உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் இருந்த தைஃபுல்லா அப்போதுதான் தலையைத் தூக்கினார். மெதுவாக எழுந்து வந்து மப்கூத்தின் எதிரே நின்றார்.

"அந்தக் கடையில இரும்பு இருந்துச்சா?"

மப்கூத்துக்குப் புரியவில்லை. "என்ன கேட்டீங்க?"

"இரும்புக் கூடு. இருந்துச்சா?"

"இருந்துச்சு. நல்ல கூடு. கையில இருந்த காசுக்கே கெடைச்சிருக்கும். நீங்க ஏத்துக்க மாட்டீங்களோன்னு பயந்துதான் எடுக்கல."

தைஃபுல்லாவின் வாய் கோணியது. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று தெரியவில்லை. "எம்புள்ளைக்கு நான் இரும்புதான் குடுத்திருந்தேன்" என்றார்.

"அப்பா, வேணாம்" என்றான் ஹமூத். கத்தின குரல் இல்லை அது. கெஞ்சல்.

"இரு. ஒரு மாசமா நெஞ்சுல கெடக்கு. இந்த ஆளு இத்தன பேருக்கு முன்னால துணிய அவுத்த மாதிரி எல்லாத்தையும் கொட்டிட்டான். நான் மட்டும் மூடி வெச்சுக்கிட்டு இவங்கிட்ட நியாயம் கேக்கணுமா?" தைஃபுல்லா ஷேக் காயித்தைப் பார்த்துத் திரும்பினார். "ஷேக், கேட்டுக்குங்க. மொதல்ல தூக்கினது என் பையன்தான். தோட்டா ஏத்தறதுக்கு இழுத்திருக்கான். அது உள்ள போகாம குறுக்கால சிக்கிக்கிச்சு. அது தெரியாம விசைய அமுக்கியிருக்கான். வெடிக்கல. அதுக்குள்ள இவம்பையன் சுட்டுட்டான்."

நடக்க ஆரம்பித்திருந்தவர்கள் திரும்பி வந்தார்கள். தைஃபுல்லா நிறுத்தவில்லை.

"பிணத்தோட துப்பாக்கியையும் வீட்டுக்குக் கொண்டாந்தாங்க. நானும் ஹமூதும்தான் பாத்தோம். சிக்கின தோட்டாவ இந்த வெரலாலதான் நோண்டி எடுத்தேன். ஒருத்தர்கிட்டயும் சொல்லல. கூட்டோட ஓரத்துல ஒரு சொட்டை, நெளிசல். அதான் தோட்டாவத் தடுத்திருக்கு. பேரீச்சங்கொட்டை அளவுகூட இருக்காது. வண்டியிலேர்ந்து ஒரு நாள் கீழ விழுந்துச்சு. 'அப்பா, நெளிஞ்சிருச்சு பாருங்க'ன்னு கொண்டாந்து காட்டினான். இரும்புடா, ஒண்ணும் ஆகாதுன்னு நான்தான் சொன்னேன். எங்கப்பா குடுத்த கூடு. நூறு வருஷம் நிக்கும்னு பெருமையடிச்சுக்கிட்டு அவன் கையில குடுத்தேன். நிக்குது. ஆணியில தொங்குது. அவன் போயிட்டான், அது நிக்குது."

ஹமூத் திரும்பிக்கொண்டு பாறையில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றான். தோள் குலுங்கியது.

"அந்தச் சொட்டை மட்டும் இல்லேன்னா, இன்னிக்கு நான் அஞ்சு துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு உங்க ஊர்ப் பக்கம் வந்திருப்பேன். நீ அங்க உக்காந்திருப்பே. நான் இங்க மண்டி போட்டிருப்பேன்" என்றார் தைஃபுல்லா. பிறகு தன் ஆட்களைப் பார்த்துக் கையை வீசினார். "எடுத்துக்குங்கடா துப்பாக்கிகள."

இரண்டு பேர் தயங்கித் தயங்கி வந்து துப்பாக்கிகளை எடுத்தார்கள். ஷேக் காயித் எழுந்து நின்று, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். துப்பாக்கிகள் ஏற்கப்பட்டன. வழக்கு பேச்சுக்கு வந்துவிட்டது. இனி ஹிஸாம் மேல் எவன் கை வைத்தாலும் அது தன் மேல் கை வைத்த மாதிரி.

மப்கூத் இன்னும் மண்டி போட்டபடியேதான் இருந்தார். பிள்ளை பிழைத்துவிட்டான். மாடியை விட்டு இறங்கி வருவான், ரொட்டி தின்பான், ஜன்னலைத் திறப்பான். நெஞ்சுக்குள் இறைவனுக்கு நன்றி பொங்கி வந்தது. எதற்கு நன்றி? அந்தச் சொட்டைக்கு. யாரோ ஒருவர் வீட்டு வண்டியிலிருந்து ஒரு கூடு விழுந்து நெளிந்ததற்கு. அதை அந்தத் தகப்பன் பார்த்தும் பழுது பார்க்காமல் விட்டதற்கு. அந்தப் பையனின் தோட்டா சிக்கிக்கொண்டதற்கு. ஐயோ, என்ன மனுஷன் நான் என்று அவருக்கே கூசியது. கூசியும் நன்றி நிற்கவில்லை. முகத்தில் அது தெரிந்துவிடுமோ என்று தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

தைஃபுல்லா குனிந்து அவர் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். பிடி இறுக்கமாக இருந்தது.

"மூஞ்சிய மறைக்காதே, மப்கூத். நீ இப்ப உள்ளுக்குள்ள எதுக்கு நன்றி சொன்னேன்னு எனக்குத் தெரியும். நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்."

மப்கூத் தாழ்த்திய தலையை நிமிர்த்தினார்.